ஒரு பேங்க் விழுந்தா கூட எத்தன பேங்க் விழும்? நாமளே உக்காந்து கணக்குப் போடறதுக்கு முழு வழிகாட்டி

எங்க ஊர்ப்பக்கம், கொழிஞ்சாம்பாறை வேலந்தாவளம் கோபாலபுரம்னு இந்த கேரளா-தமிழ்நாடு பார்டர் லைன்ல இருக்கறவங்கள கேட்டுப் பாருங்க, ஒரு வீட்டுப் பைசா நாலு எடத்துல கெடக்கும். தேங்காய் வித்த காசு பொள்ளாச்சி பேங்க்குல, பால் காசு ஊர் சர்வீஸ் சகரண (கோஆபரேடிவ்) பேங்க்குல, நகை பாலக்காட்டுல அடமானத்துல, மிச்சம் குறியில (சீட்டுல). கேட்டா "பிரிச்சு வெச்சிருக்கேன், ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும்ல"ம்பாங்க. சரிதான், ஆனா அந்த நாலுமே பின்னாடி ஒருத்தருக்கொருத்தர் கடன் குடுத்து வாங்கிட்டு இருந்தா பிரிச்சு வெச்சதுக்கு என்ன அர்த்தம்? இததான் சிஸ்டமிக் ரிஸ்க்ங்கறாங்க. ஒரு பேங்க் கெட்டுப்போறது அந்த பேங்க்கோட பிரச்சன, அது அடுத்தவனுக்குத் தொத்தி, அவன் அவனுக்கடுத்தவனுக்குத் தொத்தி, கடைசில ஒழுங்கா இருந்தவனும் படுத்துட்டா அது எல்லாரோட பிரச்சன.

பேங்க் வேலைல ரிஸ்க் பக்கம் இருந்த பழக்கத்துல இத எழுதறேன். பிகாம் படிக்கற பசங்க, பேங்க் எக்ஸாம் எழுதறவங்க, சொசைட்டி கமிட்டில இருக்கறவங்க எல்லாருமே எக்செல் தெரிஞ்சா போதும், பண்ணலாம். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், இதான் என் கட்சி: எல்லாரும் "யாரு யாருக்கு கடன் குடுத்தான்"ங்கறதையே பாத்துட்டு நின்னுடுவாங்க, அது பாக்கணும்தான், ஆனா நெஜ வாழ்க்கைல பேங்க்க சாய்க்கறது பெரும்பாலும் கைல ரொக்கம் இல்லாம போறதும் எல்லாரும் ஒரே சரக்க வெச்சிருக்கறதும்தான். அதனால கீழ ஸ்டெப் 4-ஓட நிறுத்திடாதீங்க.

ஸ்டெப் 1: எல்லை போடுங்க

யாரெல்லாம் கணக்குல வர்றாங்கன்னு மொதல்ல ஒரு லிஸ்ட். வெறும் பேங்க் மட்டும் எடுத்தா பாதி படம்தான் தெரியும். இந்தியால ரிசர்வ் பேங்க் வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜூன்லயும் டிசம்பர்லயும், நிதி நிலைத்தன்மை அறிக்கைன்னு ஒண்ணு போடும், 2010-ல இருந்து வருது, அதுல யாரு யாருகிட்ட எவ்வளவு மாட்டிட்டிருக்காங்கன்னு ஒரு பகுதி இருக்கும். எடுத்துப் படிங்க. மியூச்சுவல் ஃபண்டு கம்பெனிங்கதான் பெரிய அளவுல கடன் குடுக்கற பக்கம், என்பிஎஃப்சியும் (பேங்க் இல்லாத, ஆனா கடன் குடுக்கற நிதி கம்பெனிங்க) வீட்டுக்கடன் கம்பெனிங்களும் வாங்கற பக்கம். 2018 செப்டம்பர்ல, ரோடு பாலத்துக்கெல்லாம் பைசா பொரட்டிக் குடுக்கற ஐஎல் அண்ட் எஃப்எஸ்ங்கற கம்பெனி கவுந்தப்ப இதத்தான் பாத்தோம், அது பேங்க்கே இல்ல, ஆனா மொத்தக் கடன் 91,000 கோடிக்கு மேல, கொஞ்ச நாள் முன்ன வரை நல்ல ரேட்டிங். அது கட்டாம விட்டதும் மியூச்சுவல் ஃபண்டுக்காரங்க பயந்து மத்த என்பிஎஃப்சி பேப்பர் (கடன் பத்திரம்) வாங்கறத நிறுத்த, சம்பந்தமே இல்லாத கம்பெனிங்களுக்கும் பைசா கெடைக்காம போச்சு. பேங்க் மட்டும் லிஸ்ட் போட்டவங்களுக்கு இது எங்கிருந்து வந்துச்சுன்னே தெரிஞ்சிருக்காது.

சின்ன அளவுல பழகறதுக்கு நாலஞ்சு பேங்க் எடுத்தா போதும்.

ஸ்டெப் 2: யாரு யாருக்குத் தரணும், டேபிள் போடுங்க

எக்செல்ல எடது பக்கம் வரிசையா குடுத்தவங்க பேரு, மேல வாங்கினவங்க பேரு. ஒவ்வொரு கட்டத்துலயும் எவ்வளவு கோடி. அவ்வளவுதான் இந்த வேலையோட முதுகெலும்பு.

நம்பர் எங்க கெடைக்கும்? பேங்க் ஆண்டறிக்கைல ஷெட்யூல் 7-னு ஒண்ணு, மத்த பேங்க்குல வெச்சிருக்கற பேலன்சும் கால் மணியும் (பேங்க்குங்களுக்குள்ள அடமானம் இல்லாம குடுக்கற ஒருநாள் கடன்) அதுல இருக்கும். ஷெட்யூல் 4-ல வாங்கின கடன். பின்னாடி நோட்ஸ்ல டாப் 20 டெபாசிட்டர்கிட்ட எத்தன சதவீதம், டாப் 20 கடன்காரங்ககிட்ட எத்தன சதவீதம்னு போட்டிருப்பாங்க, அது தங்கம் மாதிரி தகவல், விடாதீங்க. ஆனா "நான் இந்த பேங்க்குக்கு இவ்வளவு குடுத்தேன்"னு பேரு போட்டு யாரும் வெளில சொல்ல மாட்டாங்க, அது ரிசர்வ் பேங்க்குக்கு மட்டும்தான் தெரியும்.

அப்ப ஓட்டைய எப்படி அடைக்கறது? மொத்தம் குடுத்தது, மொத்தம் வாங்கினது ரெண்டும் தெரியும், நடுவுல கட்டங்க காலி. பழைய வழி, எல்லாரும் எல்லாருக்கும் அவங்கவங்க சைஸ் விகிதத்துல குடுத்திருப்பாங்கன்னு பரப்பி விடறது, மேக்சிமம் என்ட்ரபின்னு சொல்வாங்க. சுலபம்தான், ஆனா நஷ்டத்த எல்லார் தலைலயும் கொஞ்சங் கொஞ்சமா தடவி விட்டுடும், அதனால பல நேரம் தொத்து இருக்கறதவிட கம்மியா தெரியும். இன்னொரு வழி, முடிஞ்ச அளவு கம்மி இணைப்புல மொத்தத்த நெரவறது, அது நிலைமைய பெருசா காட்டும். ரெண்டையும் ஓட்டிப் பாருங்க, உண்மை பெரும்பாலும் நடுவுல எங்கயோ இருக்கும். ஒரே ஒரு டேபிள வெச்சுட்டு "இதான் முடிவு"ன்னு யாராவது சொன்னா கொஞ்சம் தள்ளி நின்னே கேளுங்க.

இந்த டேபிள் எவ்வளவு முக்கியம்ங்கறதுக்கு 2001 குஜராத் ஒண்ணே போதும். மாதவ்புரா மெர்க்கன்டைல் கோஆபரேடிவ் பேங்க், ஷேர் மார்க்கெட் புரோக்கர் கேதன் பாரேக் பக்கம் பைசாவ அள்ளி விட்டுட்டு மார்ச்ல கவுந்துச்சு. அந்த ஒரு பேங்க்க விட்ருங்க, அந்த ஸ்டேட்ல நெறைய சின்ன அர்பன் கோஆபரேடிவ் பேங்க்குங்க தங்களோட உபரிய இதுலதான் டெபாசிட்டா போட்டு வெச்சிருந்துச்சுங்க. வட்டி கூடக் கெடைக்குதேன்னு. அத்தனையும் ஒரே நாள்ல புக்ல வெறும் எழுத்தா நின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் அர்பன் பேங்க் இன்னொரு அர்பன் பேங்க்குல டெபாசிட் போடறதுக்கு ரிசர்வ் பேங்க் கடிவாளம் போட்டுச்சு.

ஸ்டெப் 3: தாங்கற சக்தி

டேபிள் பக்கத்துல இன்னும் ரெண்டு காலம் (நெடுவரிசை) போடுங்க: டயர் 1 கேபிடல் (நஷ்டம் வந்தா மொதல்ல தாங்கற பேங்க்கோட சொந்தப் பணம்), ரிஸ்க் வெயிட் போட்ட சொத்து (ஆபத்து ஜாஸ்தியான கடனுக்கு ஜாஸ்தி எடை போட்டுக் கூட்டினது). முதல்ல ரெண்டாவதால வகுத்தா டயர் 1 ரேஷியோ. இங்க சட்டப்படி குறைஞ்சபட்சம் 7 சதவீதம், அதுக்கு மேல 2.5 சதவீதம் கேபிடல் கன்சர்வேஷன் பஃபர் (கெட்ட நாளுக்குன்னு கூடுதலா வெக்கறது).

எப்ப விழுந்துச்சுன்னு சொல்றது? கேபிடல் முழுசா கரைஞ்சு பூஜ்யம் ஆனாத்தான்னு புத்தகத்துல இருக்கும். நெஜத்துல அவ்வளவு நேரம் யாரும் பொறுக்க மாட்டாங்க. ரிசர்வ் பேங்க்கே தன்னோட தொத்துக் கணக்குல டயர் 1 ரேஷியோ 7-க்குக் கீழ போனாலே விழுந்ததா எடுத்துக்குது. நானும் அதத்தான் எடுப்பேன். இது ஏதோ சின்ன விஷயம் மாதிரி தெரியும், அடுத்த ஸ்டெப்ல பாருங்க விடையவே மாத்திடும்.

ஸ்டெப் 4: ஒருத்தர விழ வெச்சுப் பாருங்க

இதான் முக்கியம், நிதானமா போவோம். ஏ, பி, சி, டின்னு நாலு கற்பனை பேங்க். கேபிடல் ஏ 100 கோடி, பி 40, சி 25. டி-யோடது வேண்டாம், அதத்தான் நாம விழ வெக்கப் போறோம். ரிஸ்க் வெயிட் போட்ட சொத்து ஏ 1,000 கோடி, பி 400, சி 250. அதாவது மூணுமே இப்போதைக்கு 10 சதவீதத்துல ஜம்முனு இருக்கு.

கடன் இப்படி: பி, டி-க்கு 45 கோடி குடுத்திருக்கு. சி, டி-க்கு 10. ஏ, டி-க்கு 20. சி, பி-க்கு 30. ஏ, பி-க்கு 25. ஏ, சி-க்கு 40.

டி விழுது. மொதல்ல ரொம்ப மோசமா வெச்சுப்போம், ஒரு பைசா திரும்பாது. பி-க்கு 45 போச்சு, கேபிடலே 40தான், காலி. சி-க்கு 10 போய் 15 மிச்சம். ஏ-க்கு 20 போய் 80. ரெண்டாவது ரவுண்டு, பி விழுந்ததால சி-க்கு 30 போகணும், 15தான் இருக்கு, அதுவும் காலி. ஏ-க்கு 25 போய் 55. மூணாவது ரவுண்டு, சி விழுந்ததால ஏ-க்கு 40 போய் 15 கோடி மிச்சம். பூஜ்யக் கணக்குப்படி ஏ தப்பிச்சுது. ஆனா 1,000 கோடிக்கு 15 கோடின்னா 1.5 சதவீதம், அந்த பேங்க்க மறுநாள் கதவத் தெறக்க விடுவாங்களா? ஏ, டி-க்கு குடுத்தது வெறும் 20 கோடி, போனது 85 கோடி. சுத்தி வந்து அடிக்கறதுன்னா இதுதான்.

இப்ப 100-க்கு 40 திரும்பி வரும், 60 சதவீதம் போகும்னு வெச்சுப்போம். பி-க்கு 27 போய் 13 மிச்சம், சி-க்கு 6 போய் 19, ஏ-க்கு 12 போய் 88. பூஜ்யக் கணக்குப்படி யாருமே விழல, மொத ரவுண்டோட முடிஞ்சுது. ஆனா 7 சதவீதக் கணக்குப்படி பி-யோட 13 கோடி 3.25 சதவீதம்தான், அவுட். அப்ப சி-க்கு இன்னொரு 18 போய் 1 கோடி மிச்சம், அதுவும் அவுட். ஏ-க்கு பி வழியா 15, சி வழியா 24 போய் 49 மிச்சம், 4.9 சதவீதம், அவுட். ஒரே டேபிள், ஒரே நஷ்ட விகிதம், எங்க கோடு போடறோம்ங்கறத வெச்சு "ஒண்ணும் ஆகாது"ங்கறதும் "எல்லாம் போச்சு"ங்கறதும்!

20 சதவீதம் மட்டும் போகும்னா? பி-க்கு 9 போய் 31, அதாவது 7.75 சதவீதம், நிக்குது. சி-க்கு 23, ஏ-க்கு 96. தொத்தே இல்ல. இந்த 20 சதவீத நிலைமைய மனசுல வெச்சுக்கோங்க, ஸ்டெப் 6-ல மறுபடி எடுப்போம்.

திருப்பியும் போட்டுப் பாக்கலாம், எந்த எடத்துல ஒடையும்னு. பி 7 சதவீதத்துல நிக்க 28 கோடி வேணும், அதனால 12 கோடிதான் இழக்கலாம், 45-ல 12-ன்னா சுமார் 27 சதவீதம். அதத் தாண்டினா பி விழும், கூடவே சி-யும் விழும். ஏ-க்கு 30 கோடி வரை தாங்கும், மொத்தம் மாட்டிருக்கறது 85, சுமார் 35 சதவீதம் தாண்டினா ஏ-யும். ஆக நஷ்ட விகிதம் 27 வரை அமைதி, 35-க்கு மேல சர்வநாசம், நடுவுல அகலம் எட்டு புள்ளிதான். இந்த மாதிரி நெட்வொர்க் எல்லாமே இப்படித்தான், சின்ன அடிக்கு அசையாது, ஒரு அளவு தாண்டுச்சுன்னா நிக்காது. இணைப்பு ஜாஸ்தியா இருந்தா நஷ்டம் பிரிஞ்சு போகும்னு சொல்றதும் உண்மை, அதே இணைப்பே எல்லாருக்கும் பரப்பி விடும்ங்கறதும் உண்மை, அடி எவ்வளவு பெருசுங்கறத பொறுத்தது.

திரும்பி வர்ற விகிதத்த நாமளா ஊகிக்காம கணக்கே கண்டுபிடிக்கற ஒரு முறை இருக்கு, ஐசன்பர்க், நோன்னு ரெண்டு பேரு 2001-ல போட்டது. விழுந்த பேங்க்குகிட்ட என்ன மிச்சமோ அத கடன்குடுத்தவங்களுக்கு விகிதாசாரமா பிரிச்சுக் குடுத்து, அத வாங்கினவன் அவனோட கடனக் கட்டி, எண்ணு மாறாம நிக்கற வரை திருப்பித் திருப்பி ஓட்டறது. அழகான கணக்கு. ஆனா பேங்க் திவாலாச்சுன்னா வக்கீல் ஃபீஸு, இழுபறி, சொத்த அடிமாட்டு வெலைக்கு விக்கறதுன்னு போற நஷ்டம் அதுல கெடையாது, அதனால அதோட விடைய ரொம்ப நல்லபடியான நிலைமைன்னு எடுத்துக்கோங்க.

டெட்ரேங்க்னு இன்னொண்ணு, 2012-ல வந்தது. அது விழற வரை காத்திருக்காது. 60 சதவீத நிலைமைல பி-யோட கேபிடல்ல 67.5 சதவீதம் போச்சு, சி-யோடதுல 24, ஏ-யோடதுல 12, அந்த அளவுக்கு அவங்களுக்கு அடிபட்டதா வெச்சு அடுத்தவங்களுக்கும் அதே விகிதத்துல நஷ்டத்த தள்ளும். பேங்க் விழலன்னாலும் அதோட பேப்பரோட மதிப்பு எறங்கத்தானே செய்யும்.

ஸ்டெப் 5: ரொக்கம், யாரு மொதல்ல புடுங்குவா

மேல பண்ணதெல்லாம் கேபிடல் கணக்கு, நஷ்டம் உண்டா இல்லையான்னு. ஆனா பேங்க் சாகறது கேபிடல் தீந்து இல்லீங்க, இன்னிக்கு கேக்கறவனுக்கு இன்னிக்கு குடுக்க முடியாமத்தான். இத தனியா ஓட்டணும், திசையும் திரும்பிடும்: நஷ்டம் வாங்கினவன்கிட்ட இருந்து குடுத்தவனுக்குப் போகும், ரொக்கத் தட்டுப்பாடு குடுத்தவன்கிட்ட இருந்து வாங்கினவனுக்குப் போகும்.

நம்ம நாலு பேங்க்கே எடுங்க. டி-க்கு சிக்கல்னு காதுல விழுது, ஏ பயந்து சி-கிட்ட 40, பி-கிட்ட 25, ரெண்டையும் திரும்பக் கேக்குது. ஏ மேல தப்பில்ல, அவங்க எடத்துல நாம இருந்தாலும் அதத்தான் பண்ணுவோம். சி கைல ரொக்கம் 15தான், அதனால பி-கிட்ட இருக்கற 30-அக் கேக்குது. பி-க்கு இப்ப ஒரே நேரத்துல 55 வேணும். பி-யோட 45 டி-ல மாட்டிக் கெடக்கு. இதுல யாருக்கும் இன்னும் ஒரு ரூபா நஷ்டம்னு எழுதல, எல்லார் கேபிடலும் அப்படியே இருக்கு, ஆனா சி-யும் பி-யும் கையப் பெசஞ்சுட்டு நிக்குது. வாய்க்கால்ல மேமடைக்காரன் ஷட்டர எறக்கினா கடைமடைல மொதல்ல காயற மாதிரி, சின்னதுங்கதான் மொதல்ல காயும்.

செக் பண்ண வேண்டியது: எல்சிஆர் ரேஷியோ (30 நாள் நெருக்கடிய தாங்க கைல நல்ல சொத்து இருக்கான்னு சொல்றது, 100-க்குக் கீழ போகக் கூடாது), டாப் 20 டெபாசிட்டர் பங்கு, பேங்க்குங்ககிட்டயிருந்தே வாங்கின கடன் எவ்வளவு. 2007 செப்டம்பர்ல இங்கிலாந்துல நார்தர்ன் ராக் வாசல்ல க்யூ நின்னுச்சே, அவங்க டெபாசிட்ட விட மார்க்கெட்ல இருந்து வாங்கற பைசாவ நம்பி வீட்டுக்கடன் குடுத்தவங்க, மார்க்கெட் மூடுனதும் மூச்சு நின்னுடுச்சு.

இங்க ஒரு நல்ல விஷயமும் சொல்லணும். பெரிய பேங்க் கைல கவர்மெண்ட் பாண்டு இருந்தா ரிசர்வ் பேங்க்குகிட்ட அடமானம் வெச்சு ராத்திரிக்கு ராத்திரி பைசா எடுக்கலாம், பேங்க்குங்களுக்குள்ள ஒருநாள் கடனும் இப்ப பெரும்பாலும் சிசிஐஎல்ங்கற கிளியரிங் கம்பெனி நடுவுல நின்னு பாண்டு அடமானத்தோட நடக்குது, வெறும் நம்பிக்கைல குடுக்கற கால் மணி சின்னதாயிடுச்சு. அதனால இந்தியால நேரடித் தொத்து முன்னவிட கம்மி. ஆனா நடுவுல நிக்கற அந்த சிசிஐஎல் ஒண்ணையே எல்லாரும் நம்பி இருக்கோம்ங்கறதையும் டேபிள்ல எழுதி வெச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: எல்லார் கைலயும் ஒரே சரக்கு

ரொக்கம் இல்லாத சி என்ன பண்ணும், பாண்ட விக்கும். அது வித்தா வெல எறங்கும். வெல எறங்கினா அதே பாண்ட வெச்சிருக்கற பி-க்கும் ஏ-க்கும் நஷ்டம், இவங்க மூணு பேருக்குள்ள கடனே இல்லன்னாலும்.

கணக்கு சிம்பிள். மாடிஃபைட் டியூரேஷன் (வட்டி ஒரு சதவீதம் ஏறினா வெல எத்தன சதவீதம் எறங்கும்ங்கற எண்ணு) 6 இருக்கற பாண்டு, வட்டி அர சதவீதம் ஏறினா வெல சுமார் 3 சதவீதம் எறங்கும். சி கைல 200 கோடி பாண்டு இருந்தா 6 கோடி போச்சு. இப்ப ஸ்டெப் 4-ல எல்லாரும் தப்பிச்ச அந்த 20 சதவீத நிலைமைய எடுங்க. சி-யோட 25-ல டி வழியா 2, பாண்டு வழியா 6, மிச்சம் 17, அது 6.8 சதவீதம். விழுந்துச்சு. பி கைல 150 கோடி பாண்டுன்னா 4.5 போகும், 31-ல இருந்து 26.5, 6.6 சதவீதம், அதுவும் விழுந்துச்சு. தனித்தனியா பாத்தா ரெண்டு அடியும் தாங்கற அடிதான், சேந்து வந்தா தாங்கல. பேங்க்குங்க தங்களோட அறிக்கைல கிரெடிட் ரிஸ்க் ஒரு பக்கம் மார்க்கெட் ரிஸ்க் ஒரு பக்கம்னு தனித்தனியா போட்டு ரெண்டும் ஓகேங்கறப்ப எனக்கு கொஞ்சம் எரிச்சலா வர்றது இதனாலதான்.

பாண்டுல மெச்சூரிட்டி வரை வெச்சிருப்போம்னு ஒரு பெட்டி உண்டு, அதுல போட்டா வெல எறங்கினாலும் புக்ல நஷ்டம் தெரியாது. வித்தா தெரியும். அமெரிக்கால சிலிக்கான் வேலி பேங்க் 2023 மார்ச் 8-ம் தேதி, விக்கறதுக்குன்னு வெச்சிருந்த வேற பெட்டில இருந்து 21 பில்லியன் டாலர் பாண்ட வித்ததுலயே 1.8 பில்லியன் நஷ்டம்னு சொன்னாங்க, மெச்சூரிட்டி பெட்டில இன்னும் எவ்வளவு ஒளிஞ்சிருக்கோன்னு மறுநாளே 42 பில்லியன் டாலர எடுக்கணும்னு ஜனங்க கேட்டுட்டாங்க, 10-ம் தேதி கதவ மூடியாச்சு. 12-ம் தேதி சிக்னேச்சர் பேங்க்கும் மூடுச்சு. அதனால மெச்சூரிட்டி பெட்டில இருக்கற பாண்டுக்கும் இன்னிக்கு வெல போட்டு ஒரு காலம் வெச்சுக்கோங்க.

பாண்டு மட்டும் இல்ல. ஒரே பில்டர், ஒரே மைக்ரோஃபைனான்ஸ் ஏரியா, தங்க அடமானம்னு எதுல எல்லாரும் குவிஞ்சிருக்காங்கன்னு பாருங்க. நம்ம பாலக்காடு, திரிச்சூர் பக்கம் தங்கம் எறங்கினா யாரு யாருக்கு அடிக்கும்னு யோசிச்சுப் பாருங்க, லிஸ்ட் நீளமா போகும்.

ஸ்டெப் 7: பேச்சு

இதுக்கு ஃபார்முலா கெடையாது, ஆனா விட முடியாது. கேரளாவோட அன்னிய பெரிய பேங்க், பாலா சென்ட்ரல் பேங்க், 1960 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் ஹைகோர்ட்டுக்குப் போய் மூட வெச்சுது. அதோட பயத்துல மத்த பேங்க் வாசல்லயும் கூட்டம். அந்த அதிர்ச்சிலதான் டெபாசிட் இன்சூரன்ஸ் சட்டம் 1961-ல வந்து 1962 ஜனவரி 1-ல இருந்து அமலாச்சு, ஆரம்பத்துல 1,500 ரூபாதான், இப்ப 2020 பிப்ரவரில இருந்து 5 லட்சம், ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்குல, வட்டியும் சேத்து. சின்னச் சின்ன பேங்க்குங்கள கட்டாயமா இணைக்கற வேலையும் அதுக்கப்புறம்தான் வேகமா நடந்துச்சு.

உங்க டேபிள்ல ஒரு காலம்: டெபாசிட்ல இன்சூரன்ஸ் இல்லாத பங்கு. அது ஜாஸ்தின்னா ஓட்டம் வேகமா இருக்கும், சிலிக்கான் வேலி பேங்க்குல 90 சதவீதத்துக்கு மேல. இன்னொண்ணு, டெபாசிட்டருங்க எல்லாம் ஒரே கூட்டமா, ஒரே வாட்ஸ்அப் குரூப்பா இருக்காங்களான்னு பாருங்க.

ஸ்டெப் 8: பைப் லைன்

2020 மார்ச் 5 சாயந்தரம் யெஸ் பேங்க்குக்கு மாரடோரியம், 50,000 ரூபாக்கு மேல எடுக்க முடியாது. அன்னிக்கே ஃபோன்பே நின்னுடுச்சு, ஏன்னா அவங்க யுபிஐ யெஸ் பேங்க் வழியா ஓடிட்டிருந்துச்சு. அந்த ஆப்ல தன்னோட வேற பேங்க் அக்கவுண்ட லிங்க் பண்ணி வெச்சிருந்தவனுக்கும் யெஸ் பேங்க்குக்கும் ஒரு ரூபா சம்பந்தம் கெடையாது! கடன் டேபிள்ல இது எங்கயும் தெரியாது. அதனால யாரு யாரோட பேமெண்ட் லைன்ல தொங்கறாங்கன்னு இன்னொரு ஷீட் போடுங்க. சின்ன கோஆபரேடிவ் பேங்க்குங்க செக் கிளியரிங், ஐஎஃப்எஸ்சி எல்லாத்துக்கும் பெரிய பேங்க் ஒண்ண ஸ்பான்சரா வெச்சிருக்கும், அதுவும் இதுல வரணும்.

அதே யெஸ் பேங்க்குல ஏடி1 பாண்டு (பேங்க் சிக்கல்ல மாட்டினா கேபிடல் மாதிரி நஷ்டத்த ஏத்துக்கற பாண்டு, டயர் 2-வும் அந்த வகைதான்) 8,415 கோடி பூஜ்யமாச்சு, எட்டு மாசம் கழிச்சு நம்ம கரூர் லட்சுமி விலாஸ் பேங்க் சிங்கப்பூர்க்காரங்களோட டிபிஎஸ் பேங்க்கோட சேந்தப்ப 318 கோடி டயர் 2 பாண்டும் அதே கதி, ஷேரும் பூஜ்யம், டெபாசிட்டுக்கு ஒண்ணும் ஆகல. இந்த மாதிரி பாண்ட யாரு வெச்சிருந்தாங்கங்கறதும் ஒரு தொத்து வழிதான்.

ஸ்டெப் 9: யாரு ஆபத்தானவன், யாரு பலவீனமானவன்

ரெண்டும் வேற வேற. டி விழுந்தா மூணும் ஆடுது, அது ஆபத்தானது. பி எல்லாத்துலயும் மொதல்ல விழுது, அது பலவீனமானது. ரெண்டையும் தனித்தனி ரேங்க் போடுங்க, ரெண்டு லிஸ்ட்லயும் மேல வர்ற பேங்க்குதான் தூக்கத்தக் கெடுக்கும்.

ரிசர்வ் பேங்க் "விழ விடக் கூடாதது"ன்னு அறிவிச்சிருக்கறது மூணு: ஸ்டேட் பேங்க், எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ. 2025 ஏப்ரல்ல இருந்து இவங்க கூடுதலா வெக்க வேண்டிய கேபிடல் முறையே 0.80, 0.40, 0.20 சதவீதம். அந்த மார்க்ல சைஸுக்கு 40 சதவீதம், இணைப்புக்கு 20, மாத்து கெடைக்குமாங்கறதுக்கு 20, சிக்கலுக்கு 20. சைஸுக்கு இவ்வளவு வெயிட் குடுக்கறது எனக்கு ஒப்புதல் இல்ல, மாதவ்புரா சைஸ்ல எங்க இருந்துச்சு? ஆனா நாட்டு அளவுல பாக்கறவங்களுக்கு அது சரியா இருக்கலாம்.

ஷேர் வெலைய வெச்சு கணக்குப் போடற எஸ்ரிஸ்க், கோவார்னு ரெண்டு முறையும் உண்டு. லிஸ்ட் ஆன பேங்க்குக்கு மட்டும்தான் ஆகும், மார்க்கெட் தூங்கிட்டிருந்தா அதுவும் தூங்கும். கூட வெச்சுக்கோங்க, அத மட்டும் நம்ப வேண்டாம்.

ஸ்டெப் 10: நம்ம ஊர்ச் சங்கிலிக்கு இத போட்டா

பால் சொசைட்டியோட உபரி ஊர் சர்வீஸ் சகரண பேங்க்குல. அந்த பேங்க்கோட உபரி முன்ன ஜில்லா பேங்க்குல, 2019 நவம்பர்ல இருந்து ஜில்லா பேங்க்குங்க எல்லாம் சேந்து கேரளா பேங்க் ஆயிடுச்சு (மலப்புறம் மட்டும் பின்னாடி வந்துச்சு). அதாவது நம்ம டேபிள்ல அம்பு எல்லாம் ஒரே புள்ளிய நோக்கி. மேல இருக்கறது கெட்டியா இருந்தா நல்லது, இடையில ஒரு நாள் அடச்சா எல்லாருக்கும் ஒரே நாள். 2016 நவம்பர் 14-ம் தேதி ஜில்லா கோஆபரேடிவ் பேங்க்குங்க பழைய நோட்ட வாங்கவும் மாத்தவும் கூடாதுன்னு உத்தரவு வந்தப்ப பாத்தோமே, எந்த சொசைட்டியும் திவாலாகல, யாருக்கும் கடன் மோசம் போகல, ஆனா சொசைட்டில போட்டவங்க சொந்தப் பைசாவுக்கு நின்னாங்க. முதலமைச்சரே திருவனந்தபுரம் ரிசர்வ் பேங்க் ஆபீஸ் வாசல்ல உக்காந்து சத்தியாக்கிரகம் பண்ற அளவுக்குப் போச்சு. ஸ்டெப் 5-க்கு இதவிட சுத்தமான உதாரணம் புத்தகத்துலயும் கெடைக்காது.

இன்னொரு முக்கியமான கட்டம். இந்த ஊர்ச் சங்கங்களுக்கு அந்த 5 லட்சம் டெபாசிட் இன்சூரன்ஸ் கெடையாது, ஸ்டேட்டோட கேரண்டி ஃபண்டு வேற கணக்கு. எங்க பெரியம்மாகிட்ட இத சொன்னா "ஏங்கண்ணு, போர்டுல பேங்க்னு தான எழுதி வெச்சிருக்காங்க"ங்கறாங்க. அந்தப் பேர வெக்கக் கூடாதுன்னு 2021 நவம்பர்லயே ரிசர்வ் பேங்க் அறிக்கை விட்டாச்சு, போர்டு என்னவோ அப்படியேதான் இருக்கு.

சொசைட்டில மெம்பரா இருந்தா வருஷப் பொதுக்கூட்டத்துல ஆடிட் ரிப்போர்ட்ட வாங்கி மூணு நம்பர் எழுதிக்கோங்க: உபரி எங்கெங்க எவ்வளவு போட்டிருக்கு, டாப் 20 கடன்காரங்ககிட்ட எவ்வளவு (சொந்தக்காரங்க பேருல பிரிச்சு வாங்கினத ஒண்ணா சேத்து), ஒரு வாரத்துல திரும்பக் கேட்டா குடுக்க ரொக்கம் எவ்வளவு. இத பக்கத்து சொசைட்டி நம்பரோட ஒரே டேபிள்ல போட்டா நீங்க பிரிச்சு வெச்சிருக்கறது நெஜமாவே பிரிஞ்சிருக்கான்னு தெரிஞ்சிடும். பார்டர் தாண்டி பொள்ளாச்சில போட்டிருக்கறதுக்கும் அதே கேள்விதான், ஸ்டேட் மாறினதால மட்டும் சங்கிலி அறுந்துடாது.

ஸ்டெப் 11: எப்ப எப்ப புதுப்பிக்கறது

ஜூன், டிசம்பர் அறிக்கை வந்ததும் ஒருக்கா, பேங்க் ஆண்டறிக்கை வந்ததும் ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் நஷ்ட விகிதம் 20, 40, 60, 100-னு நாலும், பாண்டு வட்டி ஏறாம ஒண்ணு ஏறி ஒண்ணுன்னு ரெண்டும், ஆக எட்டு ஓட்டம். எக்செல்ல ரவுண்டு ரவுண்டா கையால போடறது மொத ரெண்டு தடவைக்கு நல்லது, அப்புறம் பைத்தான்ல பத்திருபது வரில எழுதிக்கலாம். மார்ச் 31 நம்பர மட்டும் எடுக்காதீங்க, வருஷக் கடைசில எல்லாரும் கொஞ்சம் பவுடர் போட்டுத்தான் நிப்பாங்க. எல்சிஆர் மட்டும் காலாண்டு முழுக்க தினசரி சராசரியா வெளியிடணும்னு விதி, அதனால ரொக்கப் பக்கத்துக்கு அந்த நம்பர எடுத்துக்கோங்க, கேபிடலுக்கு நாலு காலாண்டும் பாத்து அதுல கம்மியானத போடுங்க.